“என் லேப்டாப்ல ஓடுதே அண்ணா!”: கம்பைலர் பதிப்புக்கு ஏற்ப சி++ நிரலைப் பிரித்து எழுதும் முறை

2023 கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வீட்டுக்குக் கிளம்பலாம் என்று பையை மாட்டிக்கொண்டிருந்தபோது, குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி கிளையண்ட் இடத்திலிருந்து போன் செய்தான்.

“அண்ணா, என் லேப்டாப்ல நல்லா ஓடுது. இங்க சர்வர்ல பில்டே ஆக மாட்டேங்குது. எஸ்டிடி-க்குள்ள மேக்_யூனிக்-னு ஒண்ணும் இல்லங்குது.”

“சர்வர்ல ஜிசிசி எத்தனை?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. தட்டச்சு ஒலி மட்டும். “4.8.5-ண்ணா.”

“உன் லேப்டாப்ல?”

“11.4.”

நோய் பிடிபட்டுவிட்டது. சர்வரில் இருந்தது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதோடு கூடவே வரும் கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஜிசிசி 4.8.5. எஸ்டிடி என்ற சி++ நூலகத்தில் உள்ள மேக்_யூனிக், புதிதாக ஒரு பொருளை உருவாக்கித் தரும் சார்பு; சி++14-இல் வந்த சங்கதி. ஜிசிசி நூலகத்துக்குள் அது 4.9-இல்தான் நுழைந்தது. “கண்டிஷனல் கம்பைலேஷன், அதான் #இஃப், போட்டு, பழைய ஜிசிசி-க்கு நீயே ஒரு மேக்_யூனிக் எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

திங்கட்கிழமை காலையில் சர்வரில் பில்ட் ஆகியிருந்தது. அவன் லேப்டாப்பில் உடைந்திருந்தது.

அவன்மேல் தப்பில்லை. ஒரு வரியில் சொல்லிவிட்டு ஓடிய என்மேல்தான் தப்பு. அன்று அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சி++ ஓரளவு தெரியும், ஆனால் #இஃப் என்றால் ஹெடர் ஃபைலின் தலையில் காவல் வைப்பதற்கு மட்டும்தான் என்று நினைத்திருப்பவர்களுக்கு இது.

ஒரு விஷயம். நிரல் வரிகளை, போனில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுவதுபோல் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எடிட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று குழப்பம் வரும் இடங்களில் சொல்கிறேன். தமிழிலேயே பெயர் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஜிசிசி 10 முதல், மாறிகளின் பெயரை அப்படியே தமிழில் அடிக்கலாம். அதே ஃபைலை 4.8-இடம் கொடுத்தால் “ஸ்ட்ரே \340” என்று பக்கம் பக்கமாகத் திட்டும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் அந்த 340 என்ற எட்டடிமான பைட்டில்தான் தொடங்குகிறது. இதுவும் கம்பைலர் பதிப்புப் பிரச்சினைதான், பாருங்கள்.

தொடங்கும் முன்: இது தேவையா?

பதிப்புக்குப் பதிப்பு நிரலைப் பிரிப்பது ஒரு கடன். வட்டி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் முதல் கேள்வி, “பழைய கம்பைலரையே மாற்ற முடியுமா?” என்பதுதான். சென்ட்ஓஎஸ் 7-லேயே டெவ்டூல்செட் என்ற தொகுப்பைப் போட்டால் புதிய ஜிசிசி பக்கத்தில் வந்து உட்காரும், பழையதைத் தொடாது. நாங்கள் கேட்டோம். சர்வரில் புதிதாக ஒன்றும் ஏற்றக் கூடாது என்று கிளையண்ட் தரப்பில் கையை விரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வேலையில் இறங்கினோம். நீங்களும் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

#இஃப் வேறு, இஃப் வேறு

புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. சாதாரண ‘இஃப்’ நிரல் ஓடும்போது முடிவெடுக்கிறது. இரண்டு கிளையும் கம்பைல் ஆகியே தீர வேண்டும். ‘#இஃப்’ கம்பைலருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிரீபிராசஸருக்கான கட்டளை. நிபந்தனை பொய்த்தால் அந்த வரிகளை அது கத்தரித்து எறிந்துவிடும். கம்பைலர் கண்ணிலேயே அவை படாது. 4.8-க்குத் தெரியாத பெயர் ஒன்று நிரலில் இருந்தும் 4.8 வாய் திறக்காமல் இருக்க வேண்டுமென்றால், இந்த வழிதான்.

முன்னால் உட்கார்ந்திருப்பதால் அதற்குச் சில விஷயங்கள் தெரியாது. டைப் தெரியாது, சைஸ்ஆஃப் தெரியாது, நேம்ஸ்பேஸ் (எஸ்டிடி போல, பெயர்களை அடைத்து வைக்கும் உறை) தெரியாது. “எஸ்டிடி-க்குள் மேக்_யூனிக் இருக்கிறதா?” என்று அதனிடம் நேராகக் கேட்க முடியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மேக்ரோவும் (ஒரு பெயருக்குப் பதிலாக வைக்கும் மதிப்பு) முழு எண்ணும்தான்.

இன்னொரு குணம் ஆபத்தானது. தெரியாத பெயர் ஒன்றை #இஃப் வரியில் பார்த்தால், பிழை சொல்லாமல் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும்.

```
#இஃப் __ஜிஎன்யுசி >= 5
```

இதில் கடைசி இரண்டு அடிக்கோடுகள் விட்டுப்போயின. சரியான பெயர் `__ஜிஎன்யுசி__`: எல்லாம் பெரிய எழுத்து, முன்னால் இரண்டு கோடு, பின்னால் இரண்டு கோடு. மேலே எழுதியது “0 >= 5” ஆகி, எந்தக் கம்பைலரிலும் பொய்யாகிவிடும். ஒரு முணுமுணுப்பும் வராது. இதற்கு மருந்து `-டபிள்யூஅண்டெஃப்` என்ற கொடி, அதாவது கம்பைலர் கட்டளையோடு சேர்த்து அடிக்கும் தெரிவு (டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து). இதைப் போட்டால், வரையறுக்கப்படாத பெயரை #இஃப்-இல் பார்த்ததும் ஜிசிசியும் க்ளாங் என்ற இன்னொரு கம்பைலரும் எச்சரிக்கும். மைக்ரோசாஃப்டின் கம்பைலரான விஷுவல் சி++-இல் இதற்கு நிகரான எச்சரிக்கையின் எண் சி4668. இந்தக் கொடியை இன்றைக்கே உங்கள் மேக்ஃபைலில் (பில்ட் கட்டளைகள் இருக்கும் ஃபைல்) சேர்த்துவிடுங்கள். கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் இதை நம்பித்தான் நிற்கிறது.

கம்பைலர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது?

இணையத்தில் பட்டியல் தேடாதீர்கள், கம்பைலரையே கேளுங்கள்.

```
ஜி++ -டிஎம் -இ -எக்ஸ் சி++ /டெவ்/நல்
```

முதல் கொடியில் ‘டி’ சின்னது, ‘எம்’ பெரியது, அடுத்த ‘இ’ பெரியது, ‘எக்ஸ்’ சின்னது. வெறும் ஃபைலைக் கொடுத்து, “உனக்குப் பிறவியிலேயே தெரிந்த மேக்ரோக்களையெல்லாம் கொட்டு” என்கிறோம். நூற்றுக்கணக்கான வரிகள் வரும். ‘ஜிஎன்யுசி’ என்று கிரெப் (சொல் தேடும் கட்டளை) போட்டு, வருவதில் இந்த மூன்று வரியை மட்டும் பாருங்கள்: முதல் எண் `__ஜிஎன்யுசி__`, இரண்டாம் எண் `__ஜிஎன்யுசி_மைனர்__`, மூன்றாவது `__ஜிஎன்யுசி_பேட்ச்லெவல்__`. தம்பியின் லேப்டாப்பில் 11, 4, 0. சர்வரில் 4, 8, 5. இதே கட்டளை க்ளாங்குக்கும் பொருந்தும்.

விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோவின் கட்டளைச் சாளரத்தில் ‘சிஎல்’ என்று மட்டும் அடித்து என்டர் தட்டுங்கள். முதல் வரியிலேயே 19.29.ஏதோ என்று வரும். முதல் இரண்டு பகுதியையும் ஒட்டினால் 1929. `_எம்எஸ்சி_வெர்` என்ற மேக்ரோவின் மதிப்பு அதுதான்.

தம்பி விழுந்த குழி

அவன் எழுதியிருந்தது இது:

```
#இஃப் __ஜிஎன்யுசி__ >= 4 && __ஜிஎன்யுசி_மைனர்__ >= 9
   // எஸ்டிடி-யில் இருப்பதையே பயன்படுத்து
#எல்ஸ்
   // நேம்ஸ்பேஸ் எஸ்டிடி-க்குள் நாமே எழுது
#எண்டிஃப்
```

வாயால் படித்தால் சரியாகத்தான் இருக்கிறது: “4-க்கு மேல், 9-க்கு மேல்.” 4.8.5-இல் இரண்டாவது பாதி பொய், சொந்த மேக்_யூனிக் வருகிறது, பில்ட் ஆகிறது. 11.4-இல் 11 >= 4 உண்மை. 4 >= 9 பொய்! ஏழு பெரிய பதிப்புகள் தாண்டி வந்த கம்பைலரை 4.9-க்கும் கீழே தள்ளிவிட்டது இந்த வரி. ஏற்கெனவே ஒரு எஸ்டிடி::மேக்_யூனிக் இருக்கும் வீட்டுக்குள் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

பதிப்பு எண்ணின் இரண்டு பகுதியையும் தனித்தனியாக ஒப்பிடக் கூடாது. ஒரே எண்ணாக்கி ஒப்பிட வேண்டும்.

```
#இஃப் (__ஜிஎன்யுசி__ * 100 + __ஜிஎன்யுசி_மைனர்__) >= 409
```

4.8 என்பது 408. 11.4 என்பது 1104. இப்போது கணக்கு நேர். இதே தவறை நான் பெயர் பெற்ற திட்டங்களின் நிரலிலும் பார்த்திருக்கிறேன். ஜிசிசி நெடுங்காலம் 4.1, 4.2 என்று 4-லேயே ஊர்ந்துகொண்டிருந்ததால், 2015-இல் 5 வரும்வரை இந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் பதுங்கியிருக்க முடிந்தது.

அவன் செய்த இரண்டாவது காரியம் எனக்கு இதைவிடக் கவலையாக இருந்தது. நேம்ஸ்பேஸ் எஸ்டிடி-க்குள் சொந்தச் சரக்கை வைத்தது. அது நம் வீடு இல்லை. தரநிலையே அதைத் தடுக்கிறது. நம் பெயரில் ஒரு நேம்ஸ்பேஸ் வைத்து அதற்குள் எழுதியிருந்தால், நிபந்தனை தப்பாகப் போயிருந்தாலும் லேப்டாப் உடைந்திருக்காது. சொந்த மேக்_யூனிக் தேவையில்லாமல் ஒரு ஓரத்தில் கிடந்திருக்கும், அவ்வளவுதான்.

க்ளாங் போடும் வேஷம்

`__ஜிஎன்யுசி__` இருந்தால் அது ஜிசிசிதான் என்று நம்பிவிடாதீர்கள். ஜிசிசிக்காக எழுதிய நிரல்கள் தன்னிடமும் ஓட வேண்டும் என்பதற்காக க்ளாங்கும் அந்த மேக்ரோவை வரையறுக்கிறது. அதுவும் எந்தப் பதிப்பாக? 4.2.1. நேற்று இறக்கிய க்ளாங்கானாலும் அதே 4.2.1. (ஜிசிசியில் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வெளியான கடைசி எண் அது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் உள்படப் பலர் வருடக்கணக்கில் அந்த எண்ணிலேயே நின்றதற்கு அந்த உரிமம்தான் காரணம்.) ஆக, நாம் மேலே திருத்திய 409 சோதனையும் க்ளாங்கில் 402 >= 409 ஆகிப் பொய்த்துவிடும்.

அதனால் வரிசை முக்கியம். `__க்ளாங்__` (எல்லாம் சின்ன எழுத்து) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மட்டும் `__ஜிஎன்யுசி__` பக்கம் போங்கள். விண்டோஸிலும் க்ளாங்-சிஎல் என்ற வடிவம் `_எம்எஸ்சி_வெர்`-ஐயும் சேர்த்து வரையறுக்கும். அங்கேயும் க்ளாங் கேள்வியே முதலில்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. ஆப்பிள் தரும் க்ளாங்கின் பதிப்பு எண் எக்ஸ்கோடு என்ற அதன் நிரலெழுதும் கருவியை ஒட்டிப் போகும். எல்எல்விஎம் திட்டம் வெளியிடும் க்ளாங்கின் எண்ணோடு அது ஒத்துப்போகாது. “க்ளாங் 15-க்கு மேல்” என்று எழுதினால் லினக்ஸில் ஒரு அர்த்தம், மேக்கில் வேறு அர்த்தம். `__ஆப்பிள்_பில்ட்_வெர்ஷன்__` இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கலாம். க்ளாங்கில் பதிப்பு எண்ணையே தொடாமல் இருப்பது அதைவிட நல்லது. ஏன் என்று அடுத்தடுத்துச் சொல்கிறேன்.

விஷுவல் சி++: ஆண்டு ஒன்று, எண் இன்னொன்று

விஷுவல் ஸ்டுடியோ 2013-இன் உள் எண் 12.0, `_எம்எஸ்சி_வெர்` 1800. 2015-க்கு 14.0, 1900. நடுவில் 13 என்ற எண்ணையே தாண்டிக் குதித்துவிட்டார்கள். 2017 முதல் கதை மாறுகிறது: 1910-இல் தொடங்கி 1916 வரை 2017, 1920 முதல் 1929 வரை 2019, 1930-இலிருந்து 2022. அப்படியானால் 2022 என்பது 1939-இல் முடியும் என்று நினைப்பீர்கள். முடியவில்லை. 2022-இன் 17.10 புதுப்பிப்பு 1940 என்கிறது. பத்துப் பத்தாக மேல் எல்லை கட்டி வைத்திருந்தவர்களின் நிரல் அன்று புதிய கம்பைலரை அடையாளம் தெரியாமல் முழித்தது. மேல் எல்லை கட்டாதீர்கள், ‘==’ போடாதீர்கள். “இதற்குக் கீழே” அல்லது “இதிலிருந்து மேலே”, இரண்டே கேள்வி போதும்.

எஸ்என்பிரிண்ட்எஃப் (குறித்த இடத்துக்குள் அடங்கும்படி எழுத்துகளை எழுதும் சார்பு) கதையைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. 2013 வரை மைக்ரோசாஃப்டில் எஸ்என்பிரிண்ட்எஃப் கிடையாது. முன்னால் ஒரு அடிக்கோடு போட்ட `_எஸ்என்பிரிண்ட்எஃப்` மட்டும் உண்டு. அதனால் ஆயிரக்கணக்கான நிரல்களில் இந்த வரி:

```
#இஃப்டெஃப் _எம்எஸ்சி_வெர்
#  டிஃபைன் எஸ்என்பிரிண்ட்எஃப் _எஸ்என்பிரிண்ட்எஃப்
#எண்டிஃப்
```

2015-இல் உண்மையான எஸ்என்பிரிண்ட்எஃப் வந்தது. அதோடு அவர்களின் எஸ்டிடிஐஓ ஹெடரில், அந்தப் பெயரில் யாராவது மேக்ரோ வைத்திருந்தால் #எரர் போட்டு நிறுத்தும் வரியும் வந்தது. மேலே உள்ள மூன்று வரி வைத்திருந்த திட்டமெல்லாம் ஒரே நாளில் நின்றது. “மைக்ரோசாஃப்டா?” என்று மட்டும் கேட்டார்கள், “எந்த மைக்ரோசாஃப்ட்?” என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது:

```
#இஃப் டிஃபைண்ட்(_எம்எஸ்சி_வெர்) && _எம்எஸ்சி_வெர் < 1900
```

இதற்குள்ளும் ஒரு பாம்பு படுத்திருக்கிறது. அடிக்கோடு போட்ட பழையது, இடம் நிரம்பிவிட்டால் கடைசியில் பூஜ்யம் வைக்காது. பெயரை மட்டும் மாற்றி வைத்தால் பில்ட் ஆகும். நிரல் என்றோ ஒருநாள் எல்லை தாண்டிப் படித்துச் சாகும். ஒரு அம்சத்துக்கு மாற்று வைக்கும்போது பெயர் பொருந்தினால் போதாது, நடத்தையும் பொருந்த வேண்டும். மேக்ரோவால் பெயர் மாற்றாமல், கடைசி இடத்தில் பூஜ்யம் வைக்கும் சின்ன உறைச் சார்பு ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பைலர் புதுசு, மொழி பழசு

கம்பைலரின் பதிப்பும் அது இப்போது பேசும் சி++-இன் பதிப்பும் வேறு வேறு. இரண்டாவதைச் சொல்வது `__சிபிளஸ்பிளஸ்` (சின்ன எழுத்து, பின்னால் கோடு கிடையாது). மதிப்புகள்: 199711எல், 201103எல், 201402எல், 201703எல், 202002எல். ஆண்டும் மாதமும் ஒட்டிய எண்கள். கடைசியில் ஒட்டியிருப்பது லாங் என்பதைக் குறிக்கும் எழுத்து.

கொடி எதுவும் கொடுக்காவிட்டால் ஜிசிசி 6 முதல் 10 வரை சி++14 பேசும். 11 வந்தபோது அது 17 ஆனது. ஜிசிசி 9-ஐ வைத்துக்கொண்டு “புதுசுதானே” என்று ஃபைல்சிஸ்டம் ஹெடரை இன்க்ளூட் செய்தால், ஹெடர் இருக்கும், பிழையும் வராது, உள்ளே சரக்கு இருக்காது. `-எஸ்டிடி=சி++17` கொடுத்தால்தான் கதவு திறக்கும். 4.8-இலோ அந்தக் கொடியே தெரியாது. `சி++14` என்று கேட்டாலும் முழிக்கும், `சி++1ஒய்` என்று அதன் பழைய செல்லப்பெயரில் கூப்பிட வேண்டும்.

விஷுவல் சி++ இங்கேயும் தனி வழி. நீங்கள் சி++17 கேட்டாலும் `__சிபிளஸ்பிளஸ்` 199711எல் என்றே சொல்லும். பழைய நிரல்கள் உடையக் கூடாது என்று அப்படியே வைத்திருக்கிறார்கள். உண்மையான எண் `_எம்எஸ்விசி_லாங்` என்ற மேக்ரோவில் இருக்கிறது. `/இசட்சி:__சிபிளஸ்பிளஸ்` என்ற கொடியைக் கொடுத்தால் மட்டும் நேராகப் பேசும்.

பதிப்பைக் கேட்காதே, அம்சத்தைக் கேள்

இவ்வளவு நேரம் எண்களோடு மல்லுக்கட்டியது, அவற்றை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்று சொல்வதற்குத்தான். நமக்கு வேண்டியது மேக்_யூனிக். “உனக்கு வயசென்ன?” என்று சுற்றி வளைக்காமல் “மேக்_யூனிக் இருக்கா?” என்றே கேட்கலாம். இதற்கென்றே அம்ச மேக்ரோக்கள் இருக்கின்றன. மொழி அம்சத்துக்கு `__சிபிபி_` என்றும் நூலக அம்சத்துக்கு `__சிபிபி_லிப்_` என்றும் தொடங்கும். சி++20-இல் தரநிலைக்குள்ளேயே ஏறிவிட்டாலும், அதற்கு முன்பே கம்பைலர்கள் தரத் தொடங்கிவிட்டன. மேக்_யூனிக்குக்கு உள்ளது `__சிபிபி_லிப்_மேக்_யூனிக்`. மெமரி ஹெடரை இன்க்ளூட் செய்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். வரிசையை மாற்றினால் எப்போதும் “இல்லை” என்றுதான் பதில்.

இதில் இன்னொரு லாபம். லினக்ஸில் க்ளாங் வழக்கமாக ஜிசிசியின் நூலகத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். புத்தம்புது க்ளாங், பழைய 4.8 நூலகம் என்ற ஜோடி நிஜத்தில் உண்டு. அங்கே கம்பைலர் எண்ணைக் கேட்டு என்ன பயன்? நூலக மேக்ரோ நூலகத்தோடே வருவதால் சரியான பதிலைச் சொல்லும்.

ஹெடர் ஃபைல் இருக்கிறதா என்று கேட்க `__ஹேஸ்_இன்க்ளூட்` உண்டு. ஜிசிசியில் 5 முதல். இதை ஒரே வரியில் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்:

```
#இஃப் டிஃபைண்ட்(__ஹேஸ்_இன்க்ளூட்) && __ஹேஸ்_இன்க்ளூட்(<ஃபைல்சிஸ்டம்>)
```

4.8-இல் முதல் பாதி பொய். ஆனாலும் வரி முழுவதையும் அது படித்துப் புரிந்துகொள்ளப் பார்க்கும். தெரியாத பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியைக் கண்டதும் “பைனரி ஆபரேட்டரைக் காணோம்” என்று விழும். ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள் (`நம்ம_சிபிபி` என்பது சி++-இன் பதிப்பு எண்ணுக்கு நாம் வைத்த பெயர், கீழே வரும் ஹெடரில் இருக்கிறது):

```
#இஃப்டெஃப் __ஹேஸ்_இன்க்ளூட்
#  இஃப் __ஹேஸ்_இன்க்ளூட்(<ஃபைல்சிஸ்டம்>) && நம்ம_சிபிபி >= 201703எல்
#    டிஃபைன் நம்ம_ஃபைல்சிஸ்டம்_உண்டு 1
#  எண்டிஃப்
#எண்டிஃப்
#இஃப்ண்டெஃப் நம்ம_ஃபைல்சிஸ்டம்_உண்டு
#  டிஃபைன் நம்ம_ஃபைல்சிஸ்டம்_உண்டு 0
#எண்டிஃப்
```

ஜிசிசி 8-இல் இது உண்மையாகி, கம்பைலும் ஆகி, லிங்க் செய்யும்போது (கம்பைல் ஆன துண்டுகளை நூலகங்களோடு இணைக்கும்போது) உடையும். அந்தப் பதிப்பில் `-எல்எஸ்டிடிசி++எஃப்எஸ்` என்று தனி நூலகத்தை இணைக்க வேண்டும், 9-இலிருந்து வேண்டாம். மேக்ரோவின் கை லிங்கர் வரை நீளாது. அது பில்டை நடத்தும் சிமேக் அல்லது மேக்ஃபைலின் வேலை.

“இருக்கிறது” என்பதும் “வேலை செய்கிறது” என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதே 4.8 ஒரு பாடம் வைத்திருக்கிறது. அதில் ரெஜெக்ஸ் (எழுத்துக் கோலங்களைத் தேடும் வசதி) ஹெடர் உண்டு. இன்க்ளூட் ஆகும், கம்பைல் ஆகும். சதுர அடைப்புக்குறி போட்ட சாதாரணத் தேடல் ஒன்றைக் கொடுத்தால், ஓடும்போது ரெஜெக்ஸ்_எரர் எறிந்துவிட்டுப் படுத்துவிடும். முழுமையாக வந்தது 4.9-இல்தான். இந்த மாதிரி இடங்களில் மட்டும் பதிப்பு எண் தவிர வேறு வழியில்லை. எழுதும்போது பக்கத்திலேயே காரணத்தைக் குறிப்பாக எழுதிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அடை

தம்பியின் நிரலில் #இஃப் ஏற்கெனவே பதினொரு ஃபைல்களில் பரவியிருந்தது, இரண்டே நாளில். இதை மட்டும் விடவே மாட்டேன். கம்பைலரின் பெயரோ பதிப்போ வரும் ஒவ்வொரு வரியும் ஒரே ஹெடரில் இருக்க வேண்டும். மற்ற ஃபைல்கள் நாம் வைத்த பெயர்களை மட்டும் பார்க்கலாம்.

```
// பதிப்பு.ஹெச்
#இன்க்ளூட் <மெமரி>
#இன்க்ளூட் <யுடிலிட்டி>

#இஃப் டிஃபைண்ட்(_எம்எஸ்விசி_லாங்)
#  டிஃபைன் நம்ம_சிபிபி _எம்எஸ்விசி_லாங்
#எல்ஸ்
#  டிஃபைன் நம்ம_சிபிபி __சிபிளஸ்பிளஸ்
#எண்டிஃப்

#இஃப் டிஃபைண்ட்(__ஜிஎன்யுசி__) && !டிஃபைண்ட்(__க்ளாங்__)
#  டிஃபைன் நம்ம_ஜிசிசி (__ஜிஎன்யுசி__ * 100 + __ஜிஎன்யுசி_மைனர்__)
#எல்ஸ்
#  டிஃபைன் நம்ம_ஜிசிசி 0
#எண்டிஃப்

#இஃப் நம்ம_ஜிசிசி && நம்ம_ஜிசிசி < 408
#  எரர் "ஜிசிசி 4.8 அல்லது அதற்கு மேல் வேண்டும்"
#எண்டிஃப்

#இஃப்ண்டெஃப் நம்ம_மேக்_யூனிக்_உண்டு
#  இஃப்டெஃப் __சிபிபி_லிப்_மேக்_யூனிக்
#    டிஃபைன் நம்ம_மேக்_யூனிக்_உண்டு 1
#  எல்ஸ்
#    டிஃபைன் நம்ம_மேக்_யூனிக்_உண்டு 0   // சென்ட்ஓஎஸ் 7 போனதும் எடு
#  எண்டிஃப்
#எண்டிஃப்

நேம்ஸ்பேஸ் நம்ம {
#இஃப் நம்ம_மேக்_யூனிக்_உண்டு
  யூசிங் எஸ்டிடி::மேக்_யூனிக்;
#எல்ஸ்
  டெம்ப்ளேட் <டைப்நேம் டி, டைப்நேம்... ஏ>
  எஸ்டிடி::யூனிக்_பிடிஆர்<டி> மேக்_யூனிக்(ஏ&&... தா) {
    ரிட்டர்ன் எஸ்டிடி::யூனிக்_பிடிஆர்<டி>(
        நியூ டி(எஸ்டிடி::ஃபார்வர்ட்<ஏ>(தா)...));
  }
#எண்டிஃப்
}
```

மற்ற இடங்களிலெல்லாம் `நம்ம::மேக்_யூனிக்` என்று முழுப்பெயரோடு கூப்பிடுங்கள். (அரே வடிவம் இதில் இல்லை, எங்களுக்குத் தேவைப்படவில்லை.)

இரண்டு சின்ன விஷயங்களைக் கவனியுங்கள். நம் மேக்ரோக்கள் எப்போதும் வரையறுக்கப்பட்டிருக்கும். மதிப்பு 1 அல்லது 0. அதனால் கேட்கும் இடத்தில் #இஃப்டெஃப் கிடையாது, #இஃப்தான். யாராவது பெயரைத் தப்பாக அடித்தாலோ இந்த ஹெடரை இன்க்ளூட் செய்ய மறந்தாலோ, முன்பு சொன்ன `-டபிள்யூஅண்டெஃப்` உடனே காட்டிக்கொடுக்கும்.

#எரர் வரிக்குள் மேற்கோள் குறிகளுக்கு நடுவே இருக்கும் செய்தியை மட்டும் நிஜமாகவே தமிழில் எழுதலாம். ஜிசிசி அதை அப்படியே திரையில் காட்டும். கிளையண்ட் சர்வரின் டெர்மினலில் தமிழ் எழுத்துரு இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஓடாத கிளை அழுகும்

கத்தரித்து எறியப்பட்ட வரிகளில் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் உங்கள் கம்பைலர் சொல்லாது. பழைய கிளை உங்கள் கணினியில் ஒருநாளும் கம்பைல் ஆவதில்லை; கிளையண்ட் இடத்தில்தான் முதல்முறை வெடிக்கும். மேலே உள்ள ஹெடரில் ‘உண்டு’ மேக்ரோவை #இஃப்ண்டெஃப்-க்குள் வைத்தது இதற்காகத்தான். லேப்டாப்பிலேயே,

```
ஜி++ -எஸ்டிடி=சி++11 -டபிள்யூஅண்டெஃப் -டிநம்ம_மேக்_யூனிக்_உண்டு=0 ...
```

என்று கொடுத்தால் (இங்கே ‘டி’ பெரிய எழுத்து) புதிய கம்பைலரே பழைய கிளையைக் கம்பைல் செய்து பார்க்கும். பாதிக்கு மேல் பிழைகள் இங்கேயே விழுந்துவிடும். மீதிக்கு உண்மையான பழைய கம்பைலர் வேண்டும். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஜிசிசியின் பல பதிப்புகள் தனித்தனிப் படிமங்களாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு கமிட்டுக்கும் மிகப் பழையதிலும் மிகப் புதியதிலும் பில்ட் செய்ய வையுங்கள். ஒரு பத்து வரியைச் சட்டென்று சோதிக்க, மேட் காட்போல்ட் தொடங்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் தளம் போதும். பக்கத்தில் பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் விடை அங்கேயே.

சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-இல் முடிந்தது. கிளையண்ட் சர்வரை மாற்ற அதற்கு மேலும் சில மாதம் பிடித்தது. மாற்றிய தகவல் வந்த அன்று தம்பி ‘சென்ட்ஓஎஸ் 7 போனதும்’ என்று கிரெப் போட்டான். நான்கு இடம். நான்கும் ஒரே ஃபைலில். டீ ஆறுவதற்குள் அழித்து முடித்துவிட்டு, `நம்ம::மேக்_யூனிக்` இருந்த இடங்களிலெல்லாம் எஸ்டிடி என்று மாற்றிக்கொண்டிருந்தான்.